தண்டுவடக் கீழ்ப்பகுதிக் காயமும் உடல் இயக்கமும்

உயரமான இடத்திலிருந்து விழுவதும் சாலை விபத்தும் இந்தியாவில் தண்டுவடக் காயத்திற்கு முக்கியக் காரணங்களாகும். மரமேறுவோர், கட்டடத் தொழிலாளர் எனப் பாதிக்கப்படுவோரில் பலர் குடும்பத்தின் உழைப்பைத் தாங்கி நிற்கும் வயதினர். இவர்கள் அனைவரையும் ‘கால் செயலிழந்தவர்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவது வழக்கம். ஆனால் காயம் எந்த மட்டத்தில் ஏற்பட்டது, முழுமையானதா அன்றா என்பதைப் பொறுத்து ஒவ்வொருவரின் இயக்கமும் வேறுபடும்.

காயத்தின் மட்டம்

தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் பிரிகின்றன. வயது வந்தோரில் தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை நீள்வதில்லை. முதலாவது அல்லது இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பின் அளவில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் குதிரை வால் போன்ற கற்றையாக இறங்குகின்றன. இக்கற்றை சேதமுற்றால் தசைகள் தளர்ந்து மெலியும். தண்டுவடமே சேதமுற்றாலோ, தொடக்க வாரங்களுக்குப் பின் கால்கள் விறைத்துத் தாமாகவே துடிக்கக்கூடும். இத்துடிப்பைக் குணமடைதலின் அறிகுறி என்று குடும்பத்தார் நம்புவதுண்டு. உண்மையில் இது மூளையின் கட்டுப்பாடின்றி நிகழும் அனிச்சைச் செயலேயாகும்.

இடுப்புப் பகுதியின் இரண்டாம் நரம்பு தொடையை உயர்த்தவும், மூன்றாம் நரம்பு முழங்காலை நீட்டவும், நான்காம் நரம்பு பாதத்தை மேலே தூக்கவும் முக்கியமாக உதவுகின்றன. முழங்காலை உறுதியாக நீட்ட முடிந்தவர், கணுக்காலுக்கு ஆதாரக் கருவியும் கைத்தடியும் கொண்டு நடக்க இயலும். மார்புப் பகுதியின் கீழ்மட்டத்தில் முழுமையான காயமுற்றவருக்குக் கைகளின் வலிமை குறைவதில்லை. உடுத்தல், குளித்தல், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகியவற்றைப் பயிற்சியால் அவர் தாமே செய்துகொள்ளலாம். நீண்ட கால் கருவிகளை அணிந்து நடப்பது அவருக்கு மிகுந்த களைப்பைத் தரும். ஆகவே சக்கர நாற்காலியைத் தேர்ந்தெடுப்பது தோல்வியன்று. தம் ஆற்றலைப் பணிக்கெனச் சேமித்துக்கொள்ளும் வழியாகும்.

கண்ணுக்குப் புலப்படாத இழப்பு

சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் ஆள்பவை திரிகப் பகுதியின் 2 முதல் 4 வரையிலான நரம்புகள். இவை தண்டுவடத்தின் கடைக்கோடியில் அமைந்துள்ளமையால், ஓரளவு நடக்கக்கூடியவரும் சிறுநீர்க் கட்டுப்பாட்டை இழந்திருக்கலாம். சிறுநீர்ப்பையில் அழுத்தம் மிகுந்தால் சிறுநீரகம் கெடும். எனவே பலர் 4 முதல் 6 மணி நேரத்திற்கு ஒருமுறை மெல்லிய குழாயைத் தாமே செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டியுள்ளது. உணர்ச்சியற்ற தோலில் அழுத்தப் புண் தோன்றாதிருக்க, அமர்ந்திருக்கும்போது அடிக்கடி உடலை உயர்த்தி அழுத்தத்தைக் குறைப்பதும் இன்றியமையாதது.

நிர்வாகத்திற்கு ஒரு குறிப்பு

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணிகளில் குறைந்தது 4 விழுக்காட்டு இடங்களை ஒதுக்குகிறது. அலுவலக வாயிலில் சாய்தளம் அமைத்ததுடன் கடமை முடிந்ததாகக் கருதலாகாது. சக்கர நாற்காலி நுழைய இயலாத கழிப்பறை உள்ள அலுவலகத்தில், ஊழியர் தண்ணீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்வார். அல்லது வேலையையே விட்டுவிடுவார். அகன்ற கதவும், கைப்பிடியும், தூய நீரும் அவருக்கு மருந்துக்கு ஒப்பானவை.

1954இல் சாலை விபத்தில் இரு கால்களின் இயக்கத்தையும் இழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வுத் துறையை வளர்த்த அவருக்கு 1972இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இழந்த இயக்கத்தை மட்டும் கணக்கிடாமல், எஞ்சிய ஆற்றல் பயன்படுவதற்கான சூழலை அமைத்துத் தருவதே மறுவாழ்வுப் பணியின் சாரமாகும்.