சிறு நகரங்களில் தனியார் பண்பலை

பண்பலை வானொலியைக் கேட்பதற்கு நேயர் காசொன்றுங் கொடுப்பதில்லை. நிலையத்தார்க்கு விளம்பரமே வருவாய். சிறு நகரிலோ, துணிக்கடையும் நகைக்கடையும் தீபாவளி, பொங்கற் காலங்களில் தருவதை நம்பியே ஆண்டு முழுவதும் நிலையம் நடைபெறல் வேண்டும்.

இதனை எண்ணாது, 1999ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கத்தார் தனியார்க்குரிய உரிமங்களை ஏலமிட முற்பட்டனர். ஏலங்கேட்ட தொகையை ஆண்டுதோறுஞ் செலுத்துதல் வேண்டும். அதுவும் ஆண்டுக்கு நூற்றுக்கு 15 வீதம் உயரும். கணக்கிட்டுப் பார்ப்பின், பத்தாம் ஆண்டின் கட்டணம் முதலாண்டினதைப்போல் மூன்றரை மடங்காகின்றது! கடைகள் அவ்வாறு பெருகுமோ? 40 நகரங்களுக்கென வகுத்த திட்டத்தில் 12 நகரங்களிலேயே நிலையங்கள் எழுந்தன. திருநெல்வேலி அவற்றுள் ஒன்றாயது வியப்பே.

2005ஆம் ஆண்டில் முறை மாறியது. ஏலத்தொகை ஒரு முறையே. பின்னர் ஆண்டுதோறும் மொத்த வருவாயில் நூற்றுக்கு 4, ஒரு கீழெல்லைக்குக் குறையாமல். அதன் பின்னரே தூத்துக்குடி போன்ற ஊர்களிலும் தனியார் நிலையங்கள் தோன்றின.

ஆயினும் செய்தி கூறும் உரிமை கிட்டவில்லை. 2011ஆம் ஆண்டின் விதிகளும் அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாது ஒலிபரப்பவே இசைந்தன. அவ்விதிகளின்படி, ஊர்ச்சாலையின் நெரிசலை நிலையத்தார் அறிவிக்கலாம். ஊர் மன்றத்தில் நிகழ்ந்த விவாதத்தைத் தாமே செய்தியாக உரைத்தலாகாது.