ஒரு வலி மருந்தும் வானத்துப் பாறுகளும்



எந்த மருத்துவமனையின் மருந்தறையிலும் தவறாமல் காணப்படும் மருந்துகளுள் டைக்ளோஃபெனாக் ஒன்று. மூட்டுவலி, முதுகுவலி, எலும்பு முறிவு, அறுவைச் சிகிச்சைக்குப் பின் உண்டாகும் வலி ஆகியவற்றுக்கு இது மாத்திரையாகவும் ஊசியாகவும் களிம்பாகவும் பயன்படுகிறது. நாற்று நட்டு இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள், முழங்கால் வீங்கி மாடிப்படி ஏற முடியாதவர்கள் எனப் பலருக்கும் இம்மருந்து நிம்மதியான இரவைத் தந்திருக்கிறது. உங்களில் பலரும் இதை ஒருமுறையாவது உட்கொண்டிருப்பீர்கள்.

இதே மருந்து நம் நாட்டு வானத்திலிருந்து ஒரு பறவை இனத்தை ஏறக்குறைய துடைத்துவிட்டது. அந்த இழப்பின் விளைவுகள் மனிதரின் உயிரைத் தொடும் அளவுக்கு வந்தன. மனிதருக்கு நன்மை தரும் மருந்து பறவைக்கு எவ்வாறு நஞ்சாயிற்று, அந்தப் பறவைக்கும் நம் ஊர் நாய்க்கடிக்கும் என்ன தொடர்பு என்பதை இந்த இதழில் எளிய முறையில் விளக்க விரும்புகிறோம்.

சம்பளம் வாங்காத துப்புரவுப் பணியாளர்

பிணந்தின்னிக் கழுகு என்று நாம் அழைக்கும் பறவைக்குப் பாறு என்பது பழைய தமிழ்ப் பெயர். வழுக்கைத் தலையும் வளைந்த கழுத்துமாக இருக்கும் இப்பறவையைப் பலர் அருவருப்புடன் பார்ப்பது உண்டு. ஆனால் இது உயிருள்ள ஆட்டையோ கோழியையோ அடித்துத் தின்பதில்லை. செத்த விலங்கின் உடலே இதன் உணவு. பாறுகள் கூட்டமாக இறங்கினால், இறந்த மாட்டின் உடலில் எலும்பும் தோலும் தவிர மற்றவை ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துபோகும்.

இவற்றின் இரைப்பையில் சுரக்கும் அமிலம் மிகவும் வீரியமானது. அழுகிய இறைச்சியில் உள்ள நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை அந்த அமிலத்தில் அழிந்துவிடுகின்றன. ஆகவே, பிற விலங்குகளுக்கு நோய் தரக்கூடிய இறைச்சியைப் பாறுகள் தின்று செரித்துவிடுகின்றன.

நம் நாட்டில் கால்நடைகள் ஏராளம். கிராமங்களில் செத்த மாட்டை ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டு, தோலை உரித்துக்கொண்டு, மீதியைப் பறவைகளுக்கு விட்டுவிடுவதே பல பகுதிகளில் நெடுங்கால வழக்கம். இதற்கு யாரும் குழி வெட்டவில்லை, விறகு அடுக்கவில்லை, கூலி கொடுக்கவில்லை. 1980களில் இந்தியாவில் பாறுகள் கோடிக்கணக்கில் இருந்தன. ஆகவே அந்த ஏற்பாடு தடையின்றி நடந்து வந்தது.

பறவைகள் எங்கே போயின?

இராஜஸ்தானில் பரத்பூர் அருகே கேவலாதேவ் தேசியப் பூங்கா உள்ளது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் என்னும் அறிவியலாளர் 1980களில் அங்கு பாறுகளின் கூடுகளைக் கணக்கெடுத்திருந்தார். 1990களின் நடுவில் மீண்டும் சென்று பார்த்தபோது கூடுகள் பாதியாகக் குறைந்திருந்தன. பறவைகள் கழுத்தைத் தொங்கவிட்டபடி சோர்ந்து உட்கார்ந்திருந்தன. மரங்களிலும் புதர்களிலும் செத்த பறவைகள் தொங்கின. சில ஆண்டுகளில் அப்பூங்காவில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுவதே நின்றுபோயிற்று.

பின்னர் வட இந்தியாவெங்கும் கணக்கெடுத்தபோது வெளிப்பட்ட உண்மை இன்னும் கொடியது. 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவே மிஞ்சியது. மற்ற இரண்டு இனங்களில் நூற்றுக்கு 97 அழிந்திருந்தன. இவ்வளவு பெருந்தொகையாக இருந்த பறவை இனம் இவ்வளவு விரைவில் வீழ்ந்தது உலகில் மிக அரிதாக நிகழ்ந்த ஒன்று.

காரணம் கண்டுபிடிக்கப்பட்ட விதம்

புதிய வைரஸ் நோயாக இருக்கலாம் என்று முதலில் பலர் எண்ணினார்கள். பூச்சிமருந்தாக இருக்குமோ, ஈயம் போன்ற உலோகமாக இருக்குமோ என்றும் தேடினார்கள். விடை கிடைக்கவில்லை. பாகிஸ்தானில் இறந்த பாறுகளை லிண்ட்சே ஓக்ஸ் என்னும் அமெரிக்க அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் அறுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான பறவைகளின் உள்ளுறுப்புகள் மீது சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்தால்தான் இவ்வாறு நேரும்.

அப்படியானால், சிறுநீரகத்தைக் கெடுக்கும் எந்தப் பொருள் செத்த மாட்டின் வழியாகப் பறவைக்குப் போகிறது? மாடுகளுக்கு என்னென்ன மருந்துகள் தரப்படுகின்றன என்று அவர்கள் விசாரித்தார்கள். அப்போதுதான் டைக்ளோஃபெனாக் என்ற பெயர் வெளிப்பட்டது. உடலில் யூரிக் அமிலம் படிந்து இறந்த பறவைகளைச் சோதித்தபோது எல்லாவற்றிலும் அம்மருந்து இருந்தது. வேறு காரணங்களால் இறந்த பறவைகளில் அது இல்லை. இந்த ஆய்வு முடிவு 2004ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது.

டைக்ளோஃபெனாக் 1970களிலிருந்தே மனிதருக்குப் பயன்பட்டு வரும் மருந்து. 1990களில் பல நிறுவனங்கள் இதைத் தயாரிக்கத் தொடங்கியதால் விலை மிகவும் குறைந்தது. கால் ஊனமான எருதுக்கும், மடிவீக்கம் கண்ட பசுவுக்கும், காய்ச்சல் கண்ட எருமைக்கும் இதை ஊசியாகப் போடுவது வழக்கமாயிற்று. மாட்டுக்கு வலி தீர்ந்தது, உழவருக்கும் மகிழ்ச்சி. இதில் எவருக்கும் தீய எண்ணம் இல்லை. ஆனால் ஊசி போட்ட சில நாட்களுக்குள் அந்த மாடு இறந்துபோனால், மருந்து அதன் உடலிலேயே தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறு சில நாட்களில் இறந்துவிடும்.

ஒரு மாட்டின் உடலைப் பல பறவைகள் ஒன்றாகத் தின்கின்றன என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். செத்த கால்நடைகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் இம்மருந்து இருந்தாலே இந்த இனம் அழிந்துபோகும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பாறு ஆண்டுக்கு ஒரு முட்டை மட்டுமே இடும். குஞ்சு வளர்ந்து இனப்பெருக்கம் செய்ய ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். ஆகவே இழப்பை ஈடுசெய்ய அவற்றால் இயலவில்லை.

பாறுகள் போனபின் வந்தவை

பாறுகள் இல்லாமற்போனதால் செத்த மாடுகள் கிடந்த இடத்திலேயே அழுகின. சில இடங்களில் அவை நீர்நிலைகளிலும் தள்ளப்பட்டன. அந்த இறைச்சி தெருநாய்களுக்கு உணவாயிற்று. நாய்களும் ஓரளவு துப்புரவு செய்யும் என்றாலும் பாறுகளைப் போல் முழுமையாகச் செய்வதில்லை. வெறிநோயைப் பரப்பும் ஆற்றலும் நாய்க்கு உண்டு. 1992க்கும் 2003க்கும் இடையில் இந்தியாவில் நாய்களின் எண்ணிக்கை குறைந்தது 55 லட்சம் கூடியது என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. நாய்கள் கூடினால் கடியும் கூடும், வெறிநோய்ச் சாவும் கூடும்.

ஏயல் பிராங்க், ஆனந்த் சுதர்சன் என்னும் இரண்டு பொருளியல் அறிஞர்கள் 2024ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பு பாறுகள் மிகுந்திருந்த மாவட்டங்களையும், இயல்பாகவே அவை குறைவாக இருந்த மாவட்டங்களையும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாறுகள் அழிந்தபின் முதல்வகை மாவட்டங்களில் மனிதரின் இறப்பு விகிதம் நூற்றுக்கு நான்குக்கும் மேல் கூடியிருந்தது. 2000 முதல் 2005 வரையிலான ஆண்டுகளில் மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் பேர் இதனால் கூடுதலாக இறந்திருக்கலாம் என்பது அவர்களுடைய மதிப்பீடு. அசுத்தமான நீரும் வெறிநோயும் இதற்கு முக்கியக் காரணங்களாக இருக்கலாம் என்று அவர்கள் கருதுகிறார்கள்.

மும்பையில் வாழும் பார்சி மக்கள் தங்கள் சமய வழக்கப்படி, இறந்தோரின் உடலைப் பறவைகளுக்கு உணவாக வைப்பவர்கள். பாறுகள் மறைந்தபின் அவர்கள் சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளைப் பொருத்த வேண்டியதாயிற்று. ஒரு மாட்டு மருந்து ஒரு சமூகத்தின் இறுதிச் சடங்கைக்கூட மாற்றியிருக்கிறது.

நாய் கடித்தால்

இந்த இடத்தில் மருத்துவமனையினராகிய நாங்கள் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெறிநோய் அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது ஏறக்குறைய இயலாது. ஆனால் கடித்தவுடன் முறையாகச் சிகிச்சை பெற்றால் இந்நோயைத் தடுத்துவிடலாம்.

கடித்த இடத்தையும் பிறாண்டிய இடத்தையும் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் வைக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். காயம் ஆழமாகவோ இரத்தம் கசிவதாகவோ இருந்தால் தடுப்பூசியுடன், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தும் போட வேண்டும். மருத்துவர் சொன்ன தவணைகள் அனைத்தையும் முடிக்க வேண்டும். காயம் ஆறிவிட்டது என்று இடையில் நிறுத்தக் கூடாது.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற அச்சத்தினால் இன்றும் சிலர் வரத் தயங்குகிறார்கள். ஆட்டு மூளையிலிருந்து தயாரிக்கப்பட்ட அந்தப் பழைய மருந்து, குன்னூரில் 1907இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிலையத்திலும் பல்லாண்டுகள் தயாரிக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டு இறுதியுடன் இந்தியாவில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. இப்போதைய தடுப்பூசி கையில் போடப்படுவது. வலி மிகக் குறைவு. அறிவியல் நம் அன்றாட வாழ்வில் கொண்டுவந்த நல்ல மாற்றங்களுள் இதுவும் ஒன்று.

தவறு திருத்தப்படுகிறது

2006ஆம் ஆண்டில் இந்திய அரசு கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் பயன்படுத்துவதைத் தடை செய்தது. மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து மாட்டின் வலியைத் தீர்க்கும், பாறுகளுக்கும் தீங்கு செய்யாது என்பது அதே ஆண்டில் சோதனைகளால் உறுதியாயிற்று. ஆயினும் தடைக்குப் பிறகும் ஒரு வழி திறந்தே இருந்தது. மனிதருக்கான ஊசி மருந்து 30 மில்லி குப்பிகளில் கிடைத்தது. மனிதருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும்; பெரிய குப்பி மாட்டுக்குத்தான் வசதி. ஆகவே மனித மருந்தை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல் மைய அரசு பெரிய குப்பிகளைத் தடை செய்து, ஒரு வேளைக்கான சிறிய அளவில் மட்டுமே விற்க வேண்டும் என்று ஆணையிட்டது. இதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் தள்ளுபடி செய்தது.

வேறு சில வலி மருந்துகளும் பாறுகளைக் கொல்வது தெரியவந்தது. அசெக்ளோஃபெனாக் என்னும் மருந்து மாட்டின் உடலில் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது. அதையும் கீட்டோபுரோஃபெனையும் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது 2023இல் தடை செய்யப்பட்டது.

நம் தமிழகத்தில் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் பாறுகள் கூடு கட்டி வாழ்கின்றன. வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு ஆகிய நான்கு இனங்களையும் அங்கே காணலாம். தமிழகம், கேரளம், கர்நாடகம் மூன்றையும் சேர்த்து எண்ணினாலும் சில நூறு பறவைகளே இருக்கின்றன. முன்பு தமிழகத்தின் பல பகுதிகளில் பறந்த பறவைக்கு இன்று இந்தப் பள்ளத்தாக்குப் பகுதியே முக்கியப் புகலிடமாக இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

மாடு வளர்ப்பவர்கள், கால்நடை மருத்துவரைக் கேட்டு மெலாக்சிகாம் போன்ற பாதுகாப்பான மருந்தையே பயன்படுத்துங்கள். வீட்டில் மீந்திருக்கும் மனித மருந்தை மாட்டுக்குக் கொடுக்காதீர்கள். மருந்து போட்ட சில நாட்களில் மாடு இறந்தால் ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள். காட்டோரத்தில் வாழ்பவர்கள், புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்துவிட்டால் அந்த உடலில் நஞ்சு வைக்காதீர்கள். அது பாறுகளையும் சேர்த்துக் கொல்லும். வளர்ப்பு நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள்.

உங்களுக்கு மருத்துவர் எழுதித் தந்த டைக்ளோஃபெனாக் மருந்தை இதைப் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம். மனிதருக்கு அது பயனுள்ள மருந்தே. ஆனால் ஒரு மருந்து நம் கையை விட்டுப் போனபின் எந்த உயிரிடம் சென்று சேர்கிறது என்ற கேள்வியை மருத்துவர், கால்நடை மருத்துவர், மருந்துக் கடைக்காரர், உழவர் அனைவரும் கேட்கப் பழக வேண்டும். அந்தக் கேள்வியை 1990களில் யாரும் கேட்கவில்லை. பின்னர் அதைக் கேட்டவர்கள் அறிவியலாளர்களே. அதனால்தான் இன்றைக்குச் சில நூறு பாறுகளாவது மாயாற்றின் மேல் வட்டமிடுகின்றன.