யானை வயிற்றில் எண்ணெய்

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: யானை சிறுநீர் கழிக்கும், விளக்கு எரியும். சிரிக்காதீர்கள், இது 12ஆம் நூற்றாண்டுச் சரக்கு!

வரக்காப்பொல டவுனில் தலகுலி இனிப்புப் பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு கண்டி வீதியில் கேகாலைப் பக்கம் போனால் நெலுந்தெனிய வரும். அங்கே திரும்பி உள்ளே போனால் தெதிகம. கோட்டவெஹெர என்று ஊர்ச்சனம் சொல்லும் தூபி அங்கேதான் நிற்கிறது. தலையில்லாத பெரிய செங்கல் குன்று. வெள்ளைப் பூச்சும் இல்லை, கூர்முனையும் இல்லை. அவசரக்காரர்கள் ஒரு போட்டோவோடு திரும்பிவிடுவார்கள். பாவம் அவர்கள். விஷயம் வெளியில் இல்லை, வயிற்றுக்குள் இருந்தது.

மன்னன் முதலாம் பராக்கிரமபாகு (ஆட்சி 1153–1186) தான் பிறந்த வீடு இருந்த இடத்தில் ஒரு தூபி எழுப்பினான் என்று சூளவம்சம் சொல்கிறது. அதுதான் இது. அவனுடைய அப்பாவழிப் பாட்டன் ஒரு பாண்டிய இளவரசன். நம்மாட்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். பாண்டிநாட்டுப் போரில் பிடிபட்ட தமிழ்க் கைதிகளை வைத்துத்தான் அவன் பொலன்னறுவையில் தெமள மகாசேயா என்ற தூபியைக் கட்டினான் என்பதும் அதே நூலில் இருக்கிறது. ஆகவே காலரை உடனே இறக்கியும் விடலாம்.

1951இல் தொல்லியல் திணைக்களத்தார் இந்தக் குன்றின் உள்ளே இருந்த தாது அறையை எட்டியபோது கிடைத்ததுதான் அந்த வெண்கலத் தொங்குவிளக்கு. சங்கிலி, அதன் கீழே ஒரு தட்டு, தட்டின் நடுவே அசையாமல் நிற்கிறது யானை. அழகுப் பொம்மை என்று நினைத்தால் ஏமாந்தோம்: யானைதான் எண்ணெய்த் தாங்கி! உடம்பு முழுக்கக் கூடு. அதில் எண்ணெயை நிரப்பி மூடிவிட வேண்டும். திரி எரிய எரியத் தட்டில் எண்ணெய் குறையும். மட்டம் கீழே இறங்கியதும் காற்று புகும் துளை திறந்துகொள்ளும். உள்ளே காற்று ஏறும். ஏறிய காற்றுக்கு இடம்விட்டு எண்ணெய் வெளியே வரும். எந்த வழியாக என்று கேட்கிறீர்களா? ஆண் யானை, இயற்கை கொடுத்த வழியாகவேதான். எண்ணெய் மட்டம் உயர்ந்து துளையை மூடியதும் ஒழுக்கு நின்றுவிடும். கோழிக்குஞ்சுக்குப் போத்தலைக் கவிழ்த்துத் தண்ணீர் வைப்பதும் இதே கணக்குத்தான். துளை எந்த உயரத்தில் வர வேண்டும் என்பதில்தான் முழுச் சூட்சுமமும். கொஞ்சம் மேலே போனால் தட்டு வழிந்துவிடும், கொஞ்சம் கீழே போனால் திரி காய்ந்துவிடும். அந்தக் கணக்கைச் சரியாகப் போட்ட கன்னார், எண்ணெய் வரும் வழியைத் தேர்ந்தெடுத்தபோது தனக்குள் சிரித்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது இன்னும் உள்ளே எட்டிப் பார்ப்போம். இவ்வளவு கெட்டிக்காரத்தனமான விளக்கை ஏன் யாருமே பார்க்க முடியாத அறையில் வைத்து மூடினார்கள்? அநுராதபுரத்து ருவன்வெலி மகாசேயாவின் தாது அறையை மகாவம்சம் வர்ணிக்கிறது: இரத்தினத்தால் போதிமரம், புத்தர் உருவங்கள், சாதகக் கதைக் காட்சிகள், வாசனை எண்ணெய் விளக்குகள். அறையை மூடும்போது பூ வாடக்கூடாது, விளக்கு அணையக்கூடாது என்று அரஹந்தர்கள் சங்கற்பம் செய்கிறார்களாம். அங்கே வாக்குப்பலத்தில் விட்டதைத் தெதிகமக் கன்னார் வெண்கலத்திலும் காற்றழுத்தத்திலும் செய்துபார்த்துவிட்டார் என்றே நான் நினைக்கிறேன். மூடிய அறைக்குள் காற்று தீர்ந்தால் எந்த விளக்கும் அணையும்தான். அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

மஹியங்கனைத் தூபியின் தாது அறையிலும் இப்படித்தான். சுவரில் புத்தர் ஞானம் பெற்ற காட்சியை வர்ணத்தில் தீட்டிவிட்டு அடைத்துவிட்டார்கள். கண்காட்சியே இல்லாத கலை! நமக்கு இது புரியாத விஷயமா என்ன? கும்பாபிஷேகத்துக்கு விக்கிரகத்தின் அடியில் யந்திரத் தகடும் நவரத்தினமும் வைத்து மருந்து சாத்தி மூடிவிட்டு, பிறகு ஒருநாளாவது எடுத்துப் பார்க்கிறோமா?

மூடி வைத்ததால் கலை ஊரைவிட்டு நகரவில்லை என்று நினைக்க வேண்டாம். மும்பையின் ஜோகேஸ்வரியிலும் யானையும் சங்கிலியும் உள்ள தொங்குவிளக்கு ஒன்று கிடைத்திருக்கிறது. பர்மாமீது படையெடுத்த இதே பராக்கிரமபாகுவின் காலத்தில்தான் பர்மாவிலிருந்து சபடர் என்ற இளம் துறவி இங்கே படிக்க வந்தார். சண்டை ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம். அவர் திரும்பிப் போன பிறகு பகானில் அவர் பெயரால் நிற்கும் தூபியின் தலையில் இலங்கைப் பாணிச் சதுரப் பெட்டி ஏறிவிட்டது. சுற்றியுள்ள பகான் தூபிகளுக்கு நடுவே அது வெளியூர் மாப்பிள்ளை மாதிரித் தனியாகத் தெரியும்.

தாய்லாந்துக்காரர்கள் இன்னும் ஒருபடி மேலே. ருவன்வெலி மகாசேயாவின் சுற்றுமதில் நெடுக யானைகள் வரிசையாய் நிற்கின்றனவே, அதே யோசனை சுகோதை நாட்டு வாட் சாங் லோமில் தூபியின் அடிமேடைக்கே போய்விட்டது. நாலு பக்கமும் யானைகள், முழுத் தூபியையும் முதுகில் தாங்குகிற தோரணையில்! அவற்றுக்குள் எண்ணெய் இல்லை, வெறும் சுதை வேலைதான். தெதிகமக் கன்னாரிடம் கொண்டுபோய்க் காட்டியிருந்தால், எங்கே துளை போடலாம் என்று முதலில் வயிற்றடியைத்தான் தட்டிப் பார்த்திருப்பார்.