கல்லூரிக் கணிதமும் இயங்கலைக் கருவிகளும்

கணிதத்திற்கு மொழி இல்லை என்பர். குறியீடுகளைப் பொறுத்தவரை அக்கூற்று ஓரளவு பொருந்தும். கூட்டற்குறி கோலாலம்பூரிலும் கும்பகோணத்திலும் ஒன்றே. ஆயினும், ஒரு குறியீடு எதனைச் சுட்டுகிறது என்பதை மாணவர் உணர்வது சொற்களின் வழியாகவே. ஆதலால், கல்லூரிக் கணிதத்தை இயங்கலை வழியாகவும் கணினி வழியாகவும் கற்பிப்பது குறித்து ஆராய முற்படும் நாம், மொழியையும் உடன்வைத்து ஆராய்தல் வேண்டும்.

மூன்று படிகள்

கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணிக்குத் தெற்கே அமைந்துள்ளது திகாம் பத்து. அங்கும் அதனைச் சூழ்ந்த தோட்டப்புறங்களிலும் வளர்ந்து தமிழ்ப்பள்ளிக்குச் சென்ற மாணவர் கணிதத்தை மூன்று மொழிப் படிகளில் ஏறிக் கற்கின்றனர். ஆறாம் ஆண்டு வரை பின்னமும் தசமமும் விழுக்காடும் தமிழில் அறிமுகமாகின்றன. இடைநிலைப்பள்ளியில் அவையே மலாய்ச் சொற்களாக மாறுகின்றன. பின்னர் மெட்ரிகுலேஷன் கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்திற்கோ செல்வோர் பெரும்பாலும் ஆங்கில விரிவுரையைச் சந்திக்கின்றனர். 2003ஆம் ஆண்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் என்னும் கொள்கை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. 2009இல் அதனைக் கைவிட அரசு முடிவெடுத்தது. அந்த இடைக்காலத்தில் பயின்றோர்க்குப் படிகளின் வரிசையே மாறிப்போயிற்று.

ஒவ்வொரு படியிலும் மாணவர் புதிய சொல்லைக் கற்கிறார். ஆனால் பழைய சொல்லுக்கும் புதிய சொல்லுக்கும் உள்ள தொடர்பை எவரும் எடுத்துரைப்பதில்லை. பொருள் விளங்காத இடத்தை மனனம் நிரப்பிவிடுகிறது. தேர்வு வரை அது துணைநிற்கும். பொறியியலிலோ புள்ளியியலிலோ அடுத்த பாடம் தொடங்கும்போது அது கைவிட்டுவிடும்.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். நுண்கணிதத்தின் வாயிலாக அமைவது எல்லை என்னும் கருத்து. மலாயில் அது ‘ஹாட்’; ஆங்கிலத்தில் ‘லிமிட்’. மலாய்ச் சொல் அரபு மொழியிலிருந்து வந்தது. ஆங்கிலச் சொல் இலத்தீனிலிருந்து வந்தது. அவ்விரு மூலச்சொற்களும் வரம்பு, எல்லை என்றே பொருள்படும். மூன்று மொழிகளும் ஒரே உவமையைக் கையாண்டிருக்கின்றன. இதனை எடுத்துக்கூற ஒரு நிமிடம் போதும். மூன்று சொற்களும் ஒன்றாகிவிடும்.

அசையும் வரைபடம்

சொற்கள் ஒன்றாயினும் கருத்து விளங்க வேண்டுமே. இங்குதான் கருவி துணைசெய்கிறது. சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் 2001ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஜியோஜீப்ரா என்னும் மென்பொருளை மாணவர் கட்டணமின்றிக் கைப்பேசியிலேயே பயன்படுத்தலாம். சமன்பாட்டை உள்ளிட்டால் வரைபடம் தோன்றும். எண்ணை மாற்றினால் வரைபடமும் உடன் மாறும்.

ஒரு எண்ணின் வர்க்கத்தைக் காட்டும் வளைகோட்டை வரைவோம். அதில் 1 என்னும் இடத்திற்குரிய புள்ளியை நிலையாக வைத்து, சற்றுத் தள்ளி இன்னொரு புள்ளியைக் குறித்து, இரண்டையும் ஒரு நேர்கோட்டால் இணைப்போம். இடைவெளி 1 எனில் கோட்டின் சாய்வு 3. இடைவெளி 0.1 எனில் சாய்வு 2.1. இடைவெளி 0.01 எனில் 2.01. இரண்டாம் புள்ளியை விரலால் இழுக்க இழுக்க, வெட்டுக்கோடு மெல்லத் திரும்பித் தொடுகோட்டை நெருங்குவதைக் கண் காண்கிறது. சாய்வு 2ஐ நெருங்குவதை எண் காட்டுகிறது. இடைவெளி சுழியமாகிவிட்டால் சுழியத்தைச் சுழியத்தால் வகுக்கும் நிலை வரும்; அதற்கு மதிப்பில்லை. எனினும் நெருங்கிச் செல்லும் மதிப்பு ஒன்று உண்டு. அதுவே எல்லை, அதுவே அவ்விடத்து வகைக்கெழு.

கரும்பலகையில் நான்கைந்து கோடுகளை வரைந்தும் இதனை விளக்கலாம். ஆனால் பலகையிலுள்ள கோடு அசையாது. அசைவே இக்கருத்தின் உயிர் என்பதால், இவ்விடத்தில் திரை பலகையை விஞ்சுகிறது. மொழித்தடை உள்ள மாணவர்க்கு இன்னொரு நன்மையும் உண்டு: முதலில் கருத்தைக் கண்ணால் கண்டு, பிறகு அதற்குரிய மூன்று பெயர்களையும் அவர் கற்கலாம்.

விரிவுரைகளும் பாடநூல்களும்

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களை உலகிற்குத் திறந்துவிடப்போவதாக 2001இல் அறிவித்தது. கில்பர்ட் ஸ்ட்ராங் ஆற்றிய நேரியல் இயற்கணித விரிவுரைகள் அவ்வழியே உலகெங்கும் பரவின. இந்தியாவில் ஐ.ஐ.டி. நிறுவனங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டமும் கல்லூரிக் கணிதத்தில் பல காணொலித் தொடர்களைத் தந்துள்ளது. இவற்றை நிறுத்தி, பின்னோக்கிச் சென்று, மீண்டும் கேட்கலாம். ஆங்கில விரிவுரையைப் பின்தொடர இயலாமல் வகுப்பில் வாய்மூடியிருக்கும் மாணவர்க்கு இது பெரும்பேறு. விரிவுரையை முன்னிரவே கேட்டுவரச் செய்து, வகுப்பு நேரத்தைக் கணக்குகளைச் செய்வதற்கும் வினா எழுப்புவதற்கும் ஒதுக்கும் ஆசிரியர்கள் இதன் முழுப் பயனையும் பெறுகின்றனர்.

தமிழிலும் வளங்கள் உண்டு. தமிழ்நாட்டின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பாடநூல்கள் 2018 முதல் புதுப்பிக்கப்பட்டு, கட்டணமின்றிப் பதிவிறக்கக் கிடைக்கின்றன. எல்லை, வகையீடு, தொகையீடு, அணிகள், நிகழ்தகவு ஆகியவை அவற்றில் தமிழில் விளக்கப்பட்டுள்ளன. ஜியோஜீப்ரா பயிற்சிகளும் இணைக்கப்பட்டுள்ளன. மெட்ரிகுலேஷன் பாடத்திட்டத்தின் பெரும்பகுதி இவற்றோடு ஒத்துப்போகும். இலங்கையில் உயர்தர இணைந்த கணிதம் தமிழிலேயே பயிலப்படுவதால் அங்கிருந்தும் நூல்கள் கிடைக்கின்றன. ஆனால் சொற்கள் வேறுபடும் என்பதை மாணவர் முன்கூட்டியே அறிதல் வேண்டும். தமிழ்நாட்டில் கணம் எனப்படுவது இலங்கையில் தொடை. தமிழ்நாட்டில் அணி எனப்படுவது இலங்கையில் தாயம். இதனை அறியாதவர் இரண்டு வேறு பாடங்களைப் படிப்பதாக மயங்கக்கூடும்.

திரை காட்டுவது நிறுவல் ஆகுமா?

கருவியின் எல்லையையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். மேற்கண்ட அதே கணக்கில், இடைவெளியாகத் தசமப்புள்ளிக்குப் பின் 15 சுழியங்களும் பதினாறாம் இடத்தில் 1உம் கொண்ட எண்ணை இட்டு, வழக்கமான கணினி நிரல் ஒன்றில் சாய்வைக் கணக்கிட்டால், விடை 2க்கு மிக அருகில் வரவேண்டும். கணினியோ 0 என்று விடை தரும். வழக்கமான கணக்கீட்டில் அது ஏறத்தாழ 16 இலக்கங்களை மட்டுமே நினைவில் வைக்கிறது; அத்துணைச் சிறிய எண்ணை 1உடன் கூட்டினால் அக்கூட்டல் அதன் கண்ணில் படுவதில்லை. இயற்கணிதத்தால் சுருக்கும் மாணவரோ, சாய்வு என்பது 2உடன் அவ்விடைவெளியைக் கூட்டி வருவதே எனத் தாளிலேயே நிறுவிவிடுவார். திரை ஊகத்தைத் தரும். உறுதியைத் தருவது நிறுவலே.

கணக்கைப் படம்பிடித்தால் படிப்படியாக விடைதரும் செயலிகளுக்கும் இது பொருந்தும். தான் முயன்று எழுதிய விடையைச் சரிபார்க்க அவை உதவும். முயலும் முன்னரே அவற்றை நாடுபவர் விடையைப் பெறுவார், கணிதத்தைப் பெறமாட்டார்.

கருவி எல்லார்க்கும் ஒருபடித்தாய்க் கிட்டுவதுமில்லை. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி வகுப்புகள் வீட்டிற்கு வந்தபோது, ஒரே கைப்பேசியைப் பகிர்ந்துகொண்ட குடும்பங்களின் நிலையை நாடு கண்டது. ஆதலால், நீண்ட நேரலையைவிட, தரவிறக்கிவைத்துப் பின்னர் பார்க்கத்தக்க குறுங்காணொலிகளும் அச்சிட்ட பயிற்சித்தாள்களும் தோட்டப்புற மாணவர்க்கு மிகுதியும் உதவும்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, கல்லூரி முதலாண்டுக் கணிதச் சொற்களுக்கு ஒரு மும்மொழிச் சொற்கோவை. தமிழ், மலாய், ஆங்கிலச் சொற்களோடு ஒருவரி விளக்கமும் ஓர் அசையும் வரைபடமும் அதில் இணைதல் வேண்டும். இலங்கை வழக்கையும் அருகே குறித்தல் நன்று. இரண்டாவது, ஒரு கருத்துக்கு ஐந்து நிமிடம் என்ற அளவில் தமிழ்க் காணொலிகள். அவற்றை இயற்றத் தகுதியானவர்கள், மூன்று படிகளையும் அண்மையில் ஏறிவந்த மூத்த மாணவர்களே. மூன்றாவது, சுங்கைப் பட்டாணி வட்டாரத்து ஆசிரியர்களும் விரிவுரையாளர்களும் இவற்றைச் சரிபார்த்துத் தரும் ஓர் ஏற்பாடு.

தமிழில் தொடங்கிய கணிதச் சிந்தனை ஆறாம் ஆண்டோடு அறுந்துபோக வேண்டியதில்லை. மலாயும் ஆங்கிலமும் அதன்மேல் எழும் படிகளாகலாம். கருவிகள் கைக்கு எட்டிவிட்டன. அவற்றுக்குரிய சொற்களைத் தொகுத்துத் தருவது மொழிப் பணியாளராகிய நம் கடமை.