நம்ம மலைக்கு பஸ்: யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?



திண்டுக்கல்லுக்கும் சிறுமலைக்கும் சுமார் 25 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் 18 கொண்டை ஊசி வளைவுகள். பெரியாஸ்பத்திரி, காலேஜ், சந்தை எல்லாமே வளைவுகளுக்குக் கீழேதான்.

போன கூட்டத்தில் ஒரு அக்கா சொன்னார்: "மாமியாளுக்கு ஸ்கேன் எடுத்து முடியவே சாயங்காலம் ஆயிருச்சு. ஓடி வந்தோம், பஸ் போயிருச்சு. வண்டி பிடிச்சுத்தான் மேல வந்தோம். நாலு மாசம் சேர்த்த சந்தா ஒரே ராத்திரியில போச்சு." கேட்டுக்கொண்டிருந்த எல்லோரிடமும் இதே மாதிரி ஒரு கதை இருந்தது. பேசிப் புலம்பினால் போதுமா? பஸ் எப்படி வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்வோம்.

யார் முடிவு செய்கிறார்கள்?

1997 வரை நம் பகுதி அரசு பஸ்களில் 'இராணி மங்கம்மாள்' என்று எழுதியிருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். இப்போது அது அரசுப் போக்குவரத்துக் கழகம், மதுரைக் கோட்டத்தில் சேர்ந்தது. எந்த பஸ் எத்தனை நடை ஓட வேண்டும் என்பதைக் கழகம் பார்க்கிறது. வழித்தட பர்மிட் கொடுப்பது வட்டாரப் போக்குவரத்து ஆணையம். மாவட்டத்தில் அதற்குத் தலைவர் கலெக்டர்தான்.

தனியார் மினி பஸ் திட்டம் 1997-ல் வந்தது. 2025-ல் புதிய திட்டம் தொடங்கியது. இதில் ஒரு வழித்தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம். பஸ் வசதி இல்லாத ஊர்களுக்காகத்தான் இந்தத் திட்டம். மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் நம் குக்கிராமங்களுக்கு இது பொருந்துமா என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்கலாம்.

டிக்கெட் வாங்குவோம்

ஒரு நடையில் ஆள் ஏறவில்லை என்று கணக்கு காட்டினால், அந்த நடைக்குத்தான் முதலில் ஆபத்து. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. "காசுதான் இல்லையே, சீட்டு எதுக்கு?" என்று சிலர் வாங்குவதில்லை. அது தப்பு. எத்தனை பெண்கள் ஏறினோம் என்பதற்கு அந்தச் சீட்டுதான் சாட்சி. கேட்டு வாங்குங்கள்.

சுமைக்கும் ஒரு வழி இருக்கிறது. சுய உதவிக் குழு அடையாள அட்டை உள்ளவர்கள், குழுவில் தயாரித்த பொருட்களை 25 கிலோ வரை, 100 கிலோமீட்டர் தூரத்துக்கு அரசு பஸ்ஸில் கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம் என்ற ஏற்பாடு 2025-ல் வந்தது. திண்டுக்கல் அந்தத் தூரத்துக்குள்தான். அட்டை வாங்காதவர்கள் ஊக்குநரிடம் கேளுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

1. ஒவ்வொரு குழுவும் ஒரு வாரம் கணக்கு எடுக்க வேண்டும். யார், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எதற்காகக் கீழே போனார்? திரும்ப எத்தனை மணிக்கு பஸ் தேவைப்பட்டது? காலேஜ் போகும் பிள்ளைகளையும் சேர்த்து எழுதுங்கள்.

2. "பஸ் வேணும்" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். இந்த ஊரிலிருந்து, இந்த நேரத்துக்கு, இத்தனை பேர் என்று சொல்லுங்கள். சில சமயம் புது பஸ்ஸே தேவைப்படாது. ஓடுகிற பஸ்ஸின் நேரத்தை அரை மணி தள்ளி வைத்தாலே போதும்.

3. குழுவில் தீர்மானம் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, கூட்டமைப்புக்குக் கொடுங்கள். பிறகு கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

4. அந்த நகலோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். ஒரு நகல் பஸ் டிப்போ கிளை மேலாளருக்கு. மனு ரசீதைப் பத்திரமாக வைத்து, மாதாமாதம் போய்க் கேளுங்கள்.

ஒரு தடவை கேட்டுக் கிடைக்காவிட்டால் சோர்ந்துபோக வேண்டாம். பேங்க் லோனுக்கு நாம் எத்தனை நடை நடந்தோம்! அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது பஸ் கணக்கு நோட்டையும் கையோடு கொண்டு வாருங்கள். எல்லாக் குழுக் கணக்கையும் ஒன்றாகக் கூட்டி மனு எழுதுவோம்.