கதிர் வரையும் கோடு (9): வெள்ளி கலந்த ஈயம்

நாம் பழுது பார்த்துவரும் பழைய ஆஸிலோஸ்கோப்பில் மைனஸ் 150 வோல்ட் ஒழுங்காக நின்றால்தான் ஏனைய மின்னழுத்தங்களும் நிற்கும் என்பதையும், அது நின்ற பிறகும் திரை இருண்டே கிடந்தது என்பதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்; மேலே செல்வோம்.

1950-களில் வெளிவந்த டெக்ட்ரானிக்ஸ் 545 என்ற இந்த ஸ்கோப்பில், கதிர்க்குழாயின் கேத்தோடுக்கு மைனஸ் 1,350 வோல்ட் வேண்டும்; திரைப்பக்கத்து நேர் மின்னழுத்தத்தையும் கூட்டினால் எலெக்ட்ரானை இழுக்கும் மின்னழுத்தம் மொத்தம் பத்தாயிரம் வோல்ட். நம் உபகரணத்தில் அந்த மைனஸ் 1,350 பாதியளவுகூட எழாததற்குக் காரணம், ஈரம் ஏறிப்போன காகிதக் கண்டென்சர் ஒன்றின் கசிவு. தயாரித்தவர்மீது குறை சொல்ல இதில் இடமில்லை. இத்தனை ஆண்டுகளும், சாரல் பிடித்தால் சுவரே வியர்க்கும் கம்பம் பள்ளத்தாக்கும் சேர்ந்து செய்த காரியம் அது. இத்தகைய கண்டென்சர் மல்டிமீட்டரிடம் குற்றமற்றதாகவே நடிக்கும். மீட்டருக்குள் இருக்கும் சிறு பாட்டரியின் அழுத்தத்தில் கசியாத ஒன்று, முந்நூறு வோல்ட்டில் தாராளமாகக் கசியும். சின்னமனூரில் வால்வு ரேடியோக்களைப் பழுது பார்த்தே ஆயுளைக் கழித்த பெரியவர் ஒருவர், “ஒரு காலைத் தூக்கிட்டு, அது வேலை செய்யிற வோல்ட்டையே கொடுத்துப் பாருங்க தம்பி” என்று சொன்ன உபாயம்தான் இங்கே கைகொடுத்தது. நல்ல கண்டென்சரில் மின்னோட்டம் ஒரு கணம் எழுந்து ஓய்ந்துவிடும், கெட்டதில் ஓயாது. (சுவிட்சை அணைத்த பின்னரும் கதிர்க்குழாயில் மின்சாரம் தங்கியிருக்குமாதலால், ரெசிஸ்டர் வழியாக அதை வடித்த பிறகே கை வைக்க வேண்டும்; இதை எத்தனை தடவை சொன்னாலும் அதிகமாகாது.)

புதுக் கண்டென்சரைப் பொருத்த முனைந்தபோதுதான் இவ்வாரம் முழுவதும் என் சிந்தையை ஆட்கொண்டுவிட்ட விஷயம் எதிர்ப்பட்டது. இந்த ஸ்கோப்பில் உறுப்புகள் அச்சுப் பலகையில் இல்லை. பீங்கான் பட்டைகளின் சிறு வெட்டுகளில் அவை வரிசையாகக் கிடத்தப்பட்டிருக்கின்றன. பீங்கானில் ஈயம் ஒட்டாதாகையால் ஒவ்வொரு வெட்டிலும் மெல்லிய வெள்ளிப் பூச்சு ஏற்றியிருக்கிறார்கள். சாமானியமாக நாம் வாங்கும் வெள்ளீய–காரீயக் கலவையை உருக்கி அங்கே மீண்டும் மீண்டும் வைத்தால், வெந்நீரில் கற்கண்டு கரைவதுபோல அந்த வெள்ளி ஈயத்தில் கரைந்து போய்விடும். பிறகு பீங்கானில் பற்று ஏது? ஆகவே நூற்றுக்கு மூன்று பங்கு வெள்ளியை முன்கூட்டியே கலந்த ஈயத்தைப் பிரயோகிக்க வேண்டும். ஏற்கெனவே வெள்ளி உண்ட ஈயம் பட்டையின் வெள்ளியை உண்ண அவசரப்படாது. இத்தோடு நின்றிருந்தால் நல்ல பொறியியல் என்று பாராட்டிவிட்டு நகர்ந்திருப்பேன். ஆனால் அந்த விசேஷ ஈயத்தில் ஒரு சிறு சுருளைக் கருவிக்குள்ளேயே வைத்து அனுப்பியிருக்கிறார்கள்! கருவி என்றோ ஒருநாள் பழுதாகும், அன்று அதைத் திறப்பவன் அமெரிக்கக் கடைவீதிக்கு வெகு தூரத்தில் இருக்கக்கூடும் என்று எண்ணி, முகம் தெரியாத அந்த மனிதனுக்காகச் சிரத்தையோடு செய்து வைத்த ஏற்பாடு இது. திறந்தாலே உடையும்படி மூடி ஒட்டப்பட்ட இக்காலச் சாதனங்களைச் செய்வோர் இந்தச் சுருளை ஒருமுறையேனும் பார்க்க வேண்டும் என்று மனப்பூர்வமாக விரும்புகிறேன். நம் ஸ்கோப்பில் அது பாதி தீர்ந்திருந்தது. அப்படியானால் நமக்கு முன்பே யாரோ ஒருவர் முறையறிந்து இதைச் செப்பனிட்டிருக்கிறார்.

புதுக் கண்டென்சரை வைத்ததும் மைனஸ் 1,350 எழுந்தது. திரையில் பச்சைப் புள்ளியும் தோன்றியது. 30 மெகாஹெர்ட்ஸ் வரை காணும் இக்கருவி ஏறத்தாழ 12 நானோ விநாடியில் எழும் துடிப்பைப் பின்பற்றும். எதிர்ப்புகளுக்கும் வழக்குகளுக்கும் இடையில் நின்றுபோயிருக்கும், நம் பக்கத்துப் பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்கு வகுத்த உணர்கருவிகளின் துடிப்போ ஒரு நானோ விநாடி அளவில் எழுவது; அதற்கு இது போதாது. பள்ளத்தாக்கின் ரேடியோக்களுக்கும் ஆம்ப்ளிஃபயர்களுக்கும் தாராளமாகப் போதும்.

1947-இல் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனர்களில் ஒருவரான ஹோவர்ட் வாலம் தம் 511 ஸ்கோப்பில் அமைத்த டிரிகர் முறையை இவ்வாரம் விளக்குவதாக வாக்களித்திருந்தேன். வெள்ளி அந்த இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. நம் ஸ்கோப்பில் அந்தப் பச்சைப் புள்ளி வரையும் கோடு நில்லாமல் ஓடுவது ஏன் என்பதோடு சேர்த்து அதை அடுத்த வாரம் பார்ப்போம்.