எஞ்சினை மாற்றினால் புத்தகத்தையும் மாற்ற வேண்டுமா?

உழவு இயந்திரத்தின் எஞ்சின் கைவிட்டுவிட்டது. திருத்துவதற்குக் கேட்கும் பணத்தில் பாதிக்கு வேறொரு பழைய எஞ்சின் கிடைக்கிறது. வாங்கிப் பூட்டலாமா? பூட்டினால் அரசாங்கத்திற்கு அறிவிக்க வேண்டுமா? பழைய வாகனந்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்?

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. பதில் சுருக்கமானது. எஞ்சினை மாற்றலாம். ஆனால், அது பதியப்பட்ட வாகனமானால், மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்துகொள்ள வேண்டும். வாகனம் எவ்வளவு பழையது என்பதனால் இந்தக் கடமை நீங்கிவிடாது.

எஞ்சின்கள் மாறிய கதை

கொலன்னாவை, ஒருகொடவத்தை, வெல்லம்பிட்டிப் பகுதிகளின் கராஜ்களில் ஒரு எஞ்சினை இறக்கி இன்னொன்றை ஏற்றுவது வழக்கமான வேலை. யப்பானிலிருந்து வரும் பாவித்த எஞ்சின்களையும் உதிரிப்பாகங்களையும் விற்கும் பஞ்சிகாவத்தையும் தூரத்தில் இல்லை. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகி இந்தப் பகுதிகளை மூடியபோது வாகனங்களும் நீரில் நின்றன. எஞ்சினுக்குள் நீர் புகுந்திருப்பதை அறியாமல் அதனை இயக்கினால், காற்றைப்போல் நீர் அமுங்காது என்பதால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். பிறகு அந்த எஞ்சினைத் திருத்துவதிலும் வேறொன்றைத் தேடுவதே மலிவாகிவிடுகிறது.

வடக்கில் எஞ்சின்கள் அழிந்த விதம் வேறு. 1990களில் பெற்றோலும் டீசலும் அங்கு செல்வது தடுக்கப்பட்டிருந்த காலத்தில், ஒஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோல் விட்டு இயக்கி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் முழுவதும் ஆவியாகாது. மிஞ்சியது சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். பெயாரிங்குகள் தேயும். நாளடைவில் எஞ்சின் சாகும். அப்போது ஓடாமற் கிடந்த இன்னொரு வாகனத்தின் எஞ்சின் கைகொடுத்தது. அது ஊரைவிட்டு ஓடிக்கொண்டிருந்த காலம். பதிவுப் புத்தகத்தைத் திருத்துவதை யார் நினைத்தார்கள்? அன்றைய அவசரத்தில் செய்தது குற்றமல்ல. ஆனால், அது இன்றும் பலருடைய கையிலுள்ள புத்தகத்தில் பிழையாகவே கிடக்கிறது.

புத்தகம் எதைச் சொல்கிறது?

1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் வாகனம் ஒன்று பதியப்படும்போது, செசி இலக்கம், எஞ்சின் இலக்கம், எரிபொருள் வகை முதலியன எழுதப்படுகின்றன. இந்த இலக்கங்களே வாகனத்தின் அடையாளம். புத்தகத்தில் ஒன்றும் வாகனத்தில் வேறொன்றும் இருந்தால், அது களவுபோன வாகனமோ என்ற சந்தேகம் எழும். நேர்மையாக வாங்கியவர்கூட அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

நட்டம் அதோடு நிற்பதில்லை. விற்கப் போனால் வாங்குபவர் விலையைக் குறைப்பார், அல்லது பின்வாங்குவார். புத்தகத்தை ஈடுவைத்துக் கடன் பெறுவது கடினம். விபத்து நேர்ந்தால் காப்புறுதிப் பணம் சிக்கலாகலாம். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, வாகன இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் கொடுத்துப் பதிந்தே எரிபொருள் அட்டை பெறவேண்டியிருந்தது. தாள்கள் ஒழுங்காயிருந்தவர்களுக்கு அது சில நிமிட வேலை.

எந்த வேலைக்கு அறிவிக்க வேண்டும்?

எஞ்சின் இலக்கம் பொதுவாக எஞ்சின் புளொக்கிலேயே அடிக்கப்பட்டிருக்கும், அல்லது சிறு தகடாக அதில் தறையப்பட்டிருக்கும். ஆகவே சிலிண்டரைப் போர் பண்ணுவது, பிஸ்டன், பெயாரிங், சிலிண்டர் தலை ஆகியவற்றை மாற்றுவது எல்லாம் திருத்த வேலைகளே. புளொக் பழையதாக இருக்கும்வரை இலக்கமும் பழையதே. புளொக் மாறினால், அது அதே வகை எஞ்சினாக இருந்தாலும், இலக்கம் மாறிவிடும், அறிவிக்க வேண்டும். பெற்றோலுக்குப் பதில் டீசல் எஞ்சின் பூட்டினால் எரிபொருள் வகையும் மாறுகிறது.

வாகனத்தின் பெயரை மட்டும் நம்பி எஞ்சின் வாங்கவும் கூடாது. நம் வயல்களில் உழைத்த மாசி பேர்குசன் 35 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் அதன் டீசல் எஞ்சின் நான்கு சிலிண்டர் கொண்டது. 1959 இன் இறுதியில் அதற்குப் பதிலாக மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் எஞ்சின் வந்தது. பெயர் ஒன்று, எஞ்சின் இரண்டு. உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

செய்ய வேண்டியவை

பணம் கொடுக்குமுன்பே வேலை தொடங்குகிறது. விற்பவரிடம் எஞ்சின் இலக்கம், விலை, திகதி, அவருடைய பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள். இறக்குமதி செய்த எஞ்சினானால் சுங்கப் பத்திரத்தின் பிரதியைக் கேளுங்கள். வேறொரு பதிந்த வாகனத்திலிருந்து கழற்றியதானால் அந்த வாகனத்தின் புத்தகப் பிரதியைக் கேளுங்கள். இவற்றைத் தர மறுப்பவரிடம் மலிவுக்காக வாங்கவேண்டாம். களவுப் பொருளை வாங்கிய பழி உங்கள்மேல் விழலாம்.

எஞ்சினைப் பூட்டுமுன் மாவட்டக் காரியாலயத்தில் அல்லது நாரஹேன்பிட்டித் தலைமைக் காரியாலயத்தில் தேவையான படிவங்களையும் கட்டணத்தையும் கேட்டறியுங்கள். பின்னர் வாகனத்தை மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்வையிட்டு இலக்கத்தைச் சரிபார்ப்பார். புத்தகம் திருத்தப்பட்டதும் காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். புத்தகமே தொலைந்திருந்தால், முதலில் பொலிஸ் முறைப்பாடும் சத்தியக் கடதாசியும் கொடுத்து இணைப்பிரதி பெறவேண்டும்.

பழைய இலக்கத்தைப் புதிய எஞ்சினில் அடித்துத் தருவதாகவோ, தகட்டைக் கழற்றிப் பூட்டித் தருவதாகவோ சிலர் சொல்லக்கூடும். எக்காரணத்தைக் கொண்டும் சம்மதிக்காதீர்கள். அறிவிக்காமல் விட்டது திருத்தக்கூடிய தவறு. இலக்கத்தை அழித்து வேறு அடிப்பது மோசடி.

இந்தக் கட்டுப்பாடு நம் நாட்டுக்கு மட்டுமுரியதல்ல. இந்தியாவில் 1988 ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியின்றி எஞ்சினை மாற்றியவர் 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். பிரித்தானியாவில் 40 வருடங்களுக்கு மேற்பட்ட வாகனங்கள் பலவற்றுக்கு வருடாந்தப் பரிசோதனை தேவையில்லை. ஆனால் எஞ்சின் மாறினால் அங்கும் அறிவிக்கத்தான் வேண்டும்.

காணியையும் வீட்டையும் விட்டு வந்த குடும்பத்திடம் உழவு இயந்திரமோ பழைய லொறியோ எஞ்சியிருக்கலாம். ஊர் திரும்பும் நாளில் முதல் உழவுக்கும் முதற் கடனுக்கும் துணை நிற்பது அதுவே. இன்று மாலை புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாகனத்தடிக்குப் போங்கள். புளொக்கிலுள்ள அழுக்கைத் துடைத்து இரண்டு இலக்கங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றாயிருந்தால் மகிழ்ச்சி. வேறாயிருந்தால், விற்பவரும் மெக்கானிக்கும் சாட்சி சொல்ல உயிருடன் இருக்கும்போதே அதனைச் சீர்செய்துகொள்ளுங்கள்.